வெளிநாட்டுச் சம்பளமும் வீட்டுக் கணக்கும்: யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏழு ஆண்டு டுபாயிலும் இரண்டு ஆண்டு டோகாவிலும் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துவிட்டுக் கொக்குவிலுக்குத் திரும்பியவன் நான். வேலைக் கடிதத்தைக் கையில் பிடித்தபடி மாலை நேரத்தில் கேற்றைத் தட்டுகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் பதில்களை எழுதி வைக்கிறேன். வரிவீதம், அரசக் கட்டணம் போன்றவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன. சம்பளம், வாடகை, சாப்பாடு, கடன் பற்றிய தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. அந்த இடத்தில் உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

டுபாயில் மாதம் 4,000 திர்ஹம் என்று கடிதம் வந்திருக்கிறது. இலங்கைக் காசில் பெருக்கினால் மூன்று லட்சத்துக்கு மேல். இங்கே எனக்கு 80,000 ரூபாதான். யோசிக்க என்ன இருக்கிறது?

பெருக்குவதில்தான் யோசிக்க இருக்கிறது. ஒரு திர்ஹம் 80 ரூபா என்று வைத்தால் 320,000 ரூபா வரும். ஆனால் அந்த 4,000 திர்ஹமில் பெரும்பகுதி ரூபாவாக மாறப்போவதே இல்லை. அது திர்ஹமாக வந்து திர்ஹமாகவே போய்விடும். பெருக்க வேண்டியது மாதக் கடைசியில் கையில் நிற்பதை மட்டும்.

பகிர்ந்த அறையில் கட்டில் இடத்துக்கு 800, சாப்பாட்டுக்கு 700, மெட்ரோவும் பஸ்ஸும் 350, தொலைபேசிக்கு 100, சவர்க்காரம், மருந்து, முடிவெட்டு என்று 250. மொத்தம் 2,200. மிஞ்சுவது 1,800 திர்ஹம், அதாவது 144,000 ரூபா. இங்கே 80,000 சம்பளத்தில் வீட்டுக்கு 40,000 கொடுத்து மீதி 40,000 உங்களிடம் நிற்கிறது என்றால், ஒப்பிட வேண்டியது 144,000 ஐயும் 40,000 ஐயும். அதிலும் நீங்கள் போனபிறகு வீட்டுச் செலவு நின்றுவிடாது. உங்கள் ஒருவரின் சாப்பாடு குறையும், அவ்வளவுதான். வீட்டுக்கு 35,000 அனுப்பினால் கையில் 109,000. இதுவும் நல்ல தொகைதான், போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 320,000 என்று நினைத்துக் கடன் வாங்கியவருக்கும் 109,000 என்று தெரிந்து கடன் வாங்கியவருக்கும் அடுத்த இரண்டு ஆண்டு ஒரே மாதிரிப் போகாது.

போன புதிதில் எல்லோரும் தேநீரையும் 80 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் இருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பெருக்குவதையே மறந்து கண்டதையும் வாங்குவார்கள். நானும் இரண்டையும் செய்திருக்கிறேன்.

எனக்கு இங்கே மாதச் செலவு 40,000 ரூபாதான். அதை அளவாக வைத்து அந்த நகரத்துச் செலவோடு ஒப்பிடலாமா?

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். அந்த 40,000 உங்கள் வாழ்க்கைச் செலவு அல்ல. அதில் காசாக வெளியே போன பகுதி மட்டும்.

ஒரு கொப்பியை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் காசு கொடுத்து வாங்கியவை: அரிசி, மீன், மின்சாரம், பெற்றோல், பிள்ளையின் ரியூசன். வலப்பக்கம் காசு கொடுக்காமல் கிடைத்தவை. வீடு அப்பா கட்டியது, வாடகை இல்லை. தண்ணீர் கிணற்றில். தேங்காய் வளவில். வேலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகும்போது பிள்ளை அம்மம்மாவோடு. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத்தர ஆள். மோட்டார் சைக்கிள் பழுதென்றால் பக்கத்து வீட்டு அண்ணையின் வண்டி. அந்தப் பக்கத்தில் இடமே போதாமல் போகும்.

போகிற நகரத்தில் இந்த வலப்பக்கம் முழுவதும் இடப்பக்கத்துக்கு வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் வரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது அங்கே அரிசி என்ன விலை என்பதல்ல. இங்கே விலையே இல்லாமல் இருந்தவற்றுக்கு அங்கே என்ன விலை என்பதுதான்.

என் தங்கை கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் இருக்கிறாள். போன முதல் மாதம் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கியதைத் தொலைபேசியில் சொன்னாள். “நிறுத்தா விற்கிறார்கள்?” என்று அம்மா மூன்று தரம் கேட்டார். எங்கள் கேற்றுக்குப் பக்கத்து மரத்தில் காய் முற்றி வெடித்துக் காற்றில் விதை பறந்துகொண்டிருந்தது. பறிக்க ஆள் இல்லை.

அப்படியென்றால் யாழ்ப்பாணத்தையும் அந்த நகரத்தையும் ஒப்பிடவே முடியாதா?

வெள்ளவத்தையை இடையில் வையுங்கள். கொழும்பில் வேலை கிடைத்து, வெள்ளவத்தையில் அறை எடுத்து, கடையில் சாப்பிட்டு, பஸ்ஸில் போய்வந்தால் என்ன செலவாகும் என்று முதலில் பாருங்கள். அங்கே வாடகை உண்டு, முற்பணம் உண்டு, தண்ணீருக்கும் கட்டணம் உண்டு. அந்த வரிசைகளை அப்படியே வைத்துக்கொண்டு டுபாய், லண்டன், ரொறன்ரோ என்று அடுத்தடுத்த நிரலில் எழுதலாம். கொழும்பில் இரண்டு ஆண்டு அறையில் இருந்தவர்கள் வெளிநாட்டுச் செலவைக் கணிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் இரண்டு நகரங்களைப் போட்டால் வீதக் கணக்கு வருகிறதே. நம்பலாமா?

என்ன கணக்கு என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தலாம். நம்பியோ போன்ற தளங்களில் விலைகளை அங்கே வாழ்கிறவர்களே பதிகிறார்கள். நியூயோர்க்கை 100 என்று வைத்து மற்ற நகரங்களைச் சொல்கிறார்கள். அதில் முதலில் கண்ணில்படும் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண்ணில் வாடகை சேராது. வாடகையோடு சேர்ந்த சுட்டெண் வேறாக இருக்கும். இதைக் கவனிக்காமல் “இந்த நகரம் மலிவு” என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. மேர்சர் நிறுவனத்தின் வரிசை, அதிகாரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெரிய கம்பனிகளுக்கானது. நாலு பேரோடு அறை பகிர்கிறவருக்கு அது பொருந்தாது.

நான் செய்வது வேறு. அந்த நகரத்துப் பெரிய கடைகளின் இணையத்தளத்தில் ஒரு வாரச் சாமானைக் கூடையில் போட்டு மொத்தத்தைப் பார்க்கச் சொல்வேன். அரிசி, பருப்பு, முட்டை, பால், வெங்காயம், கோழி, எண்ணெய். பணம் கட்டும் பக்கத்துக்குப் போகாமல் மூடிவிடலாம். எந்தச் சுட்டெண்ணையும்விட அது உங்கள் வயிற்றுக்கு நெருக்கமான கணக்கு.

இன்னொன்று, விலையை உழைத்த நிமிடத்தில் பாருங்கள். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணித்தியாலம். 80,000 ரூபா சம்பளக்காரருக்கு ஒரு மணிக்கு ஏறத்தாழ 385 ரூபா. 500 ரூபாச் சோற்றுப் பார்சலுக்கு 78 நிமிட உழைப்பு. 4,000 திர்ஹம்காரருக்கு மணிக்கு 19 சொச்சம். 15 திர்ஹம் சாப்பாட்டுக்கு 47 நிமிடம். சோற்றில் டுபாய் மலிவு! ஆனால் அதே ஆளுக்கு 800 திர்ஹம் கட்டிலுக்கு 41 மணித்தியாலத்துக்கு மேல். மாதத்தில் ஐந்து நாள் கட்டிலுக்காகவே வேலை செய்கிறார். இங்கே அந்த ஐந்து நாளும் அவருடையவை.

வாடகைக்கு என்ன வைக்கவேண்டும்?

மாத வாடகையை மட்டும் கேட்காதீர்கள். கதவைத் திறக்குமுன் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேளுங்கள்.

டுபாயில் தனி வீடு என்றால் வாடகையை ஆண்டுக் கணக்கில்தான் பேசுவார்கள். பிந்திய திகதியிட்ட காசோலைகளாக நாலாகவோ இரண்டாகவோ கொடுக்கச் சொல்வார்கள். ஆண்டுக்கு 48,000 திர்ஹம் வாடகையுள்ள ஒற்றை அறை வீடு, நாலு காசோலை என்று எடுப்போம். முதல் காசோலை 12,000. வைப்புப் பணம் வழக்கமாக 5 வீதம், 2,400. தரகருக்கு இன்னொரு 5 வீதம், 2,400. மின்சாரம், தண்ணீருக்கு வைப்பு 2,000. ஆகமொத்தம் 18,800. உங்கள் நாலு மாதச் சம்பளத்தைவிட அதிகம், கட்டிலும் அடுப்பும் இன்னும் வாங்கவில்லை. அதன்பிறகு ஆண்டு வாடகையில் 5 வீதம் வீட்டுக் கட்டணமாக மின்சாரப் பட்டியலோடு மாதாமாதம் வரும். இந்தக் கணக்கில் 200 திர்ஹம். மலிவென்று சார்ஜாவில் எடுத்தால் அல் இத்திகாத் வீதியின் வாகன நெரிசலில் காலையும் மாலையும் போய்விடும். அந்த நேரத்தையும் சம்பள மணியில் பெருக்கிப் பாருங்கள்.

ரொறன்ரோவில் முதல் மாதமும் கடைசி மாதமும் சேர்த்து இரண்டு மாத வாடகை கேட்பார்கள். ஒன்ராறியோச் சட்டப்படி அதற்குமேல் சேத வைப்பு என்று கேட்கக்கூடாது. நம்மவர்கள் பலர் தொடங்குவது நிலக்கீழ் வீட்டில். அது 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். அப்படியென்றால் ஆண்டு வாடகை உயர்வுக்கு அரசு வைக்கும் உச்ச வீதம் அதற்குப் பொருந்தாது. பனிக்கால வெப்பமூட்டல் வாடகைக்குள் அடங்குகிறதா என்பதும் பெரிய கேள்வி.

லண்டனில் வைப்புப் பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் போகக்கூடாது; 2019 இல் வந்த சட்டம். ஆனால் வாடகைக்கு வெளியே, உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் கவுன்சில் வரி என்று ஒன்று இருக்கிறது. முழுவீடு எடுத்தால் அதை நீங்கள் கட்டவேண்டும்; வயதுவந்தவர் ஒருவரே வாழ்ந்தால் 25 வீதம் கழிவு. ஈஸ்ற்ஹாமிலோ ஹரோவிலோ அறை மட்டும் எடுக்கிறவர்கள் “பில் எல்லாம் அடக்கமா” என்று கேட்டுவிட்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

கடிதத்தில் “தங்குமிடம், சாப்பாடு இலவசம்” என்று இருக்கிறது. பிறகென்ன?

எத்தனை பேருக்கு ஒரு அறை, சமைக்கலாமா, வேலைத்தலத்துக்கு வாகனம் உண்டா. இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

நான் முதன்முதலில் போனபோது முகவர் ஒருவர் “அறை இருக்கிறது” என்றார். இருந்தது, டுபாயின் தெய்ராப் பகுதியில். எட்டுக் கட்டில், இரண்டு தட்டாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. அதற்குள் இருக்கும் ஆறடி நீளம்தான் உங்கள் வீடு. என் கட்டிலுக்குக் கீழே மற்றவரின் அரிசி மூட்டையும் என் பெட்டியும். குசினியில் ஒரே அடுப்பு, கதவில் ஒட்டிய தாளில் சமைக்கும் நேரம்: எனக்கு இரவு 9.40 முதல் 10.10 வரை. அரை மணியில் சோறும் ஒரு கறியும் இறக்கவேண்டும். இறக்காத நாளில் கீழே கடையில் பரோட்டா. அப்படி மாதத்தில் பன்னிரண்டு பதின்மூன்று நாள் போனது. இலவச அறைக்கு நான் கட்டிய வாடகை அது.

கட்டாரில் 2021 மார்ச் முதல் ஆகக்குறைந்த சம்பளம் 1,000 றியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 மேலதிகமாகக் கொடுக்கவேண்டும். “இலவசம்” என்ற சொல்லை அங்கே இந்த 800 றியாலுக்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். கிடைப்பது அதைவிட மோசமானதாக இருந்தால் காசாகத் தரச்சொல்லிக் கேட்பது நல்லது.

வரி எவ்வளவு பிடிப்பார்கள்?

டுபாய் அடங்கும் அமீரகத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் சம்பளத்துக்கு வருமானவரி இல்லை. ஆனால் வாங்கும் பொருளில் இருக்கிறது: அமீரகத்தில் பெறுமதி சேர் வரி 5 வீதம், சவூதியில் 2020 யூலை முதல் 15 வீதம்.

இங்கிலாந்தில் ஆண்டுக்கு 12,570 பவுண் வரை வருமானவரி இல்லை. அதற்குமேல் முதற்படியில் 20 வீதம், கூடவே தேசியக் காப்புறுதி 8 வீதம். 30,000 பவுண் சம்பளம் என்றால் வரி 3,486, காப்புறுதி 1,394. கையில் மாதத்துக்கு 2,090 பவுண் அளவில் வரும். (நமக்குப் பவுண் என்றால் நகைதான் ஞாபகம் வரும். அடைவு வைத்துப் போகிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.) ரொறன்ரோவில் 60,000 டொலர் சம்பளத்தில் வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலையிழப்புக் காப்புறுதி என்று ஐந்திலொரு பங்குக்கு மேல் போகும். அங்கே கடையில் ஒட்டியிருக்கும் விலை முழுவிலையும் அல்ல. பணம் கட்டும்போது 13 வீதம் ஏறும். அரிசி, பால், மரக்கறிக்கு அந்த வரி இல்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டு வேலையாளுக்கு அவர்களுடைய சேமலாப நிதிக்கழிவு இல்லை. பொருள் சேவை வரி 9 வீதம்.

குடும்பத்தையும் கூட்டிப்போக நினைக்கிறேன்.

அப்போது இது வேறு கணக்கு, வேறு கொப்பி. டுபாயில் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 உடன் தங்குமிடம் இருந்தால் குடும்ப விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். விசா கிடைக்கும் என்பதுதான் அதன் பொருள். அந்தச் சம்பளத்தில் தனி வீடும் தனியார் பள்ளிக் கட்டணமும் கட்டமுடியும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சவூதியில் உங்களில் தங்கிவாழும் குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 றியால் அரசுக்குக் கட்டவேண்டும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 14,400. இங்கிலாந்து விசாவுக்குச் சுகாதாரக் கட்டணம் வயதுவந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண், பிள்ளைக்கு 776. மூன்று ஆண்டு விசா என்றால் மூன்று ஆண்டுக்கும் முன்கூட்டியே. பராமரிப்புப் பணியாளராகப் போகிறவர்கள் 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. 2025 யூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இன்றும் அதற்குக் காசு கேட்கும் முகவர் வந்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிள்ளை பராமரிப்புச் செலவை யாரும் எழுதுவதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வாடகை கட்டலாம். இரண்டு பேரும் போனால் பிள்ளையைக் காசுக்கு விடவேண்டும். அம்மம்மாவின் வரிசை இங்கே திரும்பவும் வருகிறது.

போவதற்கு வாங்கும் கடனையும் வாழ்க்கைச் செலவில் சேர்க்கவேண்டுமா?

முதல் வரிசையிலேயே எழுதவேண்டும். நகை அடைவு, சீட்டு, தெரிந்தவரின் வட்டிக் காசு எல்லாம் சேர்த்து 800,000 ரூபா, மாதம் ஒன்றரை வீத வட்டி என்றால் 12,000. மேலே கண்ட 109,000 இப்போது 97,000 ஆகிறது. முதல் தொகையை அடைக்க ஏறத்தாழ எட்டு மாதம், அதுவும் ஒரு சதம் சேமிக்காமல். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மூன்றிலொரு பங்கு போனதற்கே போகிறது.

அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி ஆட்சேர்ப்புச் செலவை வேலையாளிடம் வாங்கக்கூடாது. இதைச் சொன்னால் முகவர்கள் சிரிப்பார்கள். சொல்லிப் பாருங்கள், தொகை குறையும். முகவரின் அனுமதிப்பத்திரத்தை இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்ப்பதும் போகுமுன் அங்கே பதிவதும் உங்கள் வேலை.

ரூபாவின் மதிப்பு மாறினால்?

வளைகுடா நாணயங்கள் அமெரிக்க டொலரோடு கட்டப்பட்டவை: ஒரு டொலருக்கு 3.6725 திர்ஹம், 3.64 கட்டார் றியால், 3.75 சவூதி றியால். ஆகவே அங்கே நீங்கள் பார்ப்பது டொலருக்கும் ரூபாவுக்கும் இடையிலான ஏற்ற இறக்கத்தைத்தான். பவுணும் கனடா டொலரும் தம் பாட்டில் அசையும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. பிறகு 300 பக்கம் இறங்கியது. 360 இல் கணக்குப் போட்டு வீடு கட்டத் தொடங்கிய ஒருவர் 300 இல் கூரை போட்டார். கணக்கைக் குறைந்த விலையில் போடுங்கள்; கூடினால் இலாபம்.

கடிதத்தில் வேறென்ன பார்க்கவேண்டும்?

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதை. அமீரகத்தில் வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். மொத்தம் 4,000 இல் அடிப்படை 2,800 என்றால் ஆண்டுக்கு 1,960 திர்ஹம்; அடிப்படை 1,600 என்று எழுதி மீதியைப் படிகளாகப் பிரித்திருந்தால் 1,120 தான். ஒரே சம்பளம்போலத் தெரியும் இரண்டு கடிதங்களில் நான் முதலில் விரல் வைப்பது இந்த வரியில்.

பெட்டியில் எதை வைத்தால் அங்கே செலவு மிச்சம்?

வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள், கட்டாயம். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி எடையே இல்லாதது, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெட்டியை விட, போவதற்கு முந்திய மாதத்தில் பல் வைத்தியரிடம் காட்டி, அடைக்க வேண்டிய பல்லை அடைத்துவிடுங்கள். ஒன்ராறியோவின் அரச சுகாதாரக் காப்புறுதி வழக்கமான பல் வைத்தியத்துக்குக் கட்டாது. இரண்டு மூக்குக் கண்ணாடி செய்து, கண் பரிசோதித்த துண்டையும் எடுத்துப் போங்கள். என் தங்கை ஒன்றோடு போனாள். மூன்றாம் மாதம் பனியில் சறுக்கி அது உடைந்தது. நாங்கள் இங்கே யாழ்ப்பாணம் பெரியகடையில் செய்து, போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பும்வரை ஐந்து வாரம் ஒட்டுநாடா சுற்றிய கண்ணாடியோடு வேலைக்குப் போனாள்.